ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்பட்ட இடம்

ஹல்
பிப்ரவரி 3, 2022

ஹேசல்,

'அன்புள்ள' என்று எழுதினேன். பொய்யாக இருந்தது. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் முகவரியைக் கொடுத்தவன் உன் சித்தப்பா மகன் கீத். தொலைபேசி எண்ணும் கேட்டேன். "நம்பரைக் கொடுத்தா என்னைக் கொன்னே போட்டுடுவா. கடிதம் போடு. படிக்காம கிழிச்சாலும் உனக்குத் தெரியப் போறதில்ல, அது ஒரு நிம்மதி" என்றான். அவன் மாறவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நகராட்சி 'ஈரத் தீக்குச்சிகள் நடை' என்று ஒன்றைத் தொடங்குகிறது. சிரிக்காதே. நம் இசைக்குழு பிறந்து வளர்ந்த இடங்களையெல்லாம் வரிசையாக நடந்து பார்ப்பது. ஒவ்வோர் இடத்திலும் சுவரில் இரும்புத் தகடு பதிக்கப் போகிறார்கள். சுவரொட்டி ஒட்டியதற்காக நமக்கு அபராதம் போட்ட அதே நகராட்சி.

நைஜல் என்று ஒருவர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், இரண்டு வருடமாகத் தன் சொந்த ஆசையில் இந்த நடையை நடத்திவருகிறார். நடைக்கென்று மாட்டிவரும் தோல் சட்டையின் பொத்தானை அவரால் போடவே முடியாது. நாம் மூவரும் முதலில் பேசிக்கொண்ட, பள்ளியில் மேலங்கி மாட்டும் அறை, நம் பாட்டைப் போடச் சொல்லி நாமே குரல் மாற்றி வானொலியைக் கேட்ட அந்த வெள்ளைத் தொலைபேசிப் பெட்டி, முதல் கச்சேரி நடந்த மதுக்கடை என்று கூட்டிப்போகிறார். இசைத்தட்டு உறைக்காகப் படம் எடுத்த ஆற்றங்கரைச் சுவரும் உண்டு. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஜனங்கள் புதுச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நைஜலிடம் சொன்னேன். "மக்களுக்கு ஒரு சுவர் வேணும் டோனா. எந்தச் சுவர்ங்கறது அப்புறம்" என்றார்.

அதிகம் பேர் நிற்பது உங்கள் அம்மாவின் சலவைக்கடை வாசலில்தான். இப்போது அது நாய்களுக்கு முடி வெட்டும் கடை. அங்கே வைத்து நைஜல் அந்த வாளிக் கதையை நடித்தே காட்டுகிறார். கூட்டத்தில் தைரியமான யார் மீதாவது அரை டம்ளர் தண்ணீர் விழும். வருகிறவர்கள் வாசலில் குட்டி வாளிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள், கடற்கரையில் குழந்தைகள் மணல் அள்ளுவார்களே, அது. படம் இணைத்திருக்கிறேன்.

தகடு பதிக்க நம் மூவரின் கையெழுத்தும் வேண்டுமாம். பெத் கனடாவிலிருந்து அனுப்பிவிட்டாள். உன்னுடையதுதான் பாக்கி. மே 14 தொடக்க விழா. நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஒருகாலத்தில் மேடையில் கத்தியதெல்லாம் இப்போது 'பிரேக், பிரேக்' என்பதற்கு உதவுகிறது.

டோனா


ஸ்காலோவே, ஷெட்லாந்து
பிப்ரவரி 15

டோனா,

கடிதம் கிடைத்தது. படத்தை அம்மா பார்ப்பதற்குள் எடுத்து வைத்துவிட்டேன். இடுப்பு அறுவைக்குப் பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். வயது எண்பதை நெருங்குகிறது.

படத்தில் இருக்கும் வாளிகளில் பாதி பச்சை. பச்சை கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது என்று நம்பும் ஹெஸ்ஸில் ரோட்டு மீனவர் வீட்டில் பிறந்தவள் என் அம்மா. அவள் கடைக்குள் பச்சை நிறத்தில் ஒரு துணிக்கிளிப்புகூட வந்ததில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், மகன் கப்பல் ஏறும் நாளில் துணி துவைத்தால் கடல் அவனைக் கழுவிக்கொண்டுபோய்விடும் என்று அன்று கடைப்பக்கமே வர மாட்டார்கள். உனக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறாய்.

எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். மாடியில் கட்டடச் சொந்தக்காரர் ஸ்டாதர்ஸ் இருந்தார். இயந்திரச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் அம்மா பெரிய இயந்திரத்தில் ஈரக் கம்பளிகளைத் திணிப்பாள். அது பிழியத் தொடங்கியதும் தடுப்புச் சுவரில் இரண்டு தட்டு. பின்னறையில் நாம் வாசிப்போம். அது நிற்பதற்குள் பாட்டை முடிக்க வேண்டும். நம் பாட்டுகள் ஏன் அவ்வளவு குட்டை என்று ஆராய்ந்து ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு தலைமுறையின் கோபமாம். கோபமில்லை. கம்பளி பிழியும் நேரம் அவ்வளவுதான்.

துவைத்த கம்பளியையே திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிந்தவள் அவள். சலவைச் சோடாவில் அவள் விரல்கள் வெடித்திருக்கும். அவளைப் பற்றித்தான் நீ 1998 நவம்பரில் அந்த இசைப் பத்திரிகைக்குச் சொன்னாய்: 'பிளீச் நாற்றமடிக்கும் ஒரு சூனியக்காரி எங்கள் மீது வாளித் தண்ணீரை ஊற்றித் துரத்தினாள்.' நாடு முழுக்க அச்சானது. இன்று அதையே ஒரு பூகோள ஆசிரியர் நடித்துக் காட்டுகிறார், ஊர் சிரிக்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். அந்த இடத்தை நடையிலிருந்து நீக்கச் சொல். இல்லையென்றால் நகராட்சிக்கு நானே எழுதுவேன்.

ஹேசல்


ஹல்
பிப்ரவரி 22

ஹேசல்,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண். "என்னாச்சு டோனா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். இல்லை, இருபத்து மூன்று வருடம் கழித்து ஒருத்திக்கு வாய் திறந்திருக்கிறது என்றேன். அன்று வகுப்பு நடக்கவில்லை.

இதுதானா காரணம்? இதற்காகவா போனாய்?

பதினான்கு ஊர்க் கச்சேரிக்கு முதல் நாள், 'நான் வரவில்லை' என்று இரண்டே வார்த்தை எழுதி டிரம் குச்சியில் சுற்றி வைத்துவிட்டுப் போனவள் நீ. லீட்ஸில் யாரோ ஒருவனைக் கெஞ்சி வாடகைக்குப் பிடித்தோம். அவன் எல்லாப் பாட்டையும் திருமண ஊர்வலம்போல வாசித்தான். ஒவ்வோர் ஊரிலும் மேடை ஏறும்போது, நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். கல்லூரியில் படிக்கிறவளுக்கு நம் கூட்டு கேவலமாகிவிட்டது என்று பெத் சொன்னாள். நானும் அதையே நம்பினேன். வேறு எதை நம்புவது?

இப்போது கேள். அந்தப் பத்திரிகைக்காரன் வந்த நாளில் நீ லீட்ஸில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். கடையில் நானும் உங்கம்மாவும்தான். அதற்கு முந்தின வாரம் ஸ்டாதர்ஸ் படியிறங்கி வந்து, "கீழ இத்தன நாளா ஏதோ கூத்து நடந்திருக்கு. கண்டுபிடிச்சேன்னா, அடுத்த மாசம் சாவியைக் கொடுத்துடணும்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பத்திரிகைப் பையன் வந்து, "முன்ன இங்கதான் பயிற்சி எடுத்தீங்களாமே?" என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா மோ ஆன்ட்டி முந்திக்கொண்டார். "யாரு, இதுகளா? ஒரு நாள் உள்ள வந்து டமடமன்னு தட்டுச்சுங்க. ஒரு வாளித் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்தினேன். அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல." சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வலி உயிர் போயிற்று. "ஆமாம், ஊத்தினாங்க" என்றேன்.

அவன் அதை என் வாய்வார்த்தையாக எழுதிவிட்டான். சூனியக்காரி, நாற்றம் எல்லாம் என் தலையில். ஸ்டாதர்ஸ் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்து, பத்திரிகையைக் கடை சன்னலிலேயே ஒட்டினார். ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டினார். நாம் ஒளித்து வாசித்த இடம், வாசிக்கவே விடாத இடமாக ஊரில் பெயர் வாங்கிப் பிழைத்தது.

"ஹேசல்கிட்ட மட்டும் சொல்லிடாத கண்ணு. ஸ்டாதர்ஸ் படியில வெச்சுக் கேட்டா இவ மூஞ்சி செவந்து காட்டிக்கொடுத்துடும்" என்றார் உங்கம்மா. நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் நீயே இல்லை.

டோனா


ஸ்காலோவே
மார்ச் 9

டோனா,

நன்றாக எழுதியிருக்கிறாய். கால் மிதித்தது, வலித்தது எல்லாம் கண்முன் வருகிறது. உனக்கு அது எப்போதும் வரும். நாம் மூவரும் அனாதை விடுதியில் சந்தித்தோம் என்று ஒரு பேட்டியில் சொன்னாய். பெத்தின் அப்பா சிறையில் இருக்கிறார் என்று இன்னொன்றில். அவர் பல் மருத்துவர். குழுவின் கதையை ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கட்டிவிடுவதுதான் பங்க் இசைக்கு அழகு என்றாய். நானும் சிரித்தவள்தான்.

அதனால்தான் இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா தானே தன்னைக் கேலிப்பொருள் ஆக்கிக்கொண்டாள் என்பது உனக்கு மிக வசதியான கதை.

நான் வேலை பார்ப்பது மீன் பண்ணை ஆய்வகத்தில். சால்மன் முதுகில் ஒட்டுண்ணி எண்ணுவது. கண்ணால் பார்த்ததை மட்டுமே நான் எழுதலாம்.

ஹேசல்


ஹல்
மார்ச் 14

உன் வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு அறை தள்ளி. கேட்டுப் பார்.

இத்தனை வருடம் நீ அவரிடம் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

டோ.


ஸ்காலோவே
ஏப்ரல் 2

டோனா,

கேட்டேன்.

கேட்க இத்தனை நாள் ஆனது. முதலில் அவளுக்குச் சளி. பிறகு புயல், படகு வரவில்லை, பால் தீர்ந்துபோன கவலை. பிறகு காரணம் எதுவும் இல்லை. உன் கடைசி வரி சட்டைக்குள் விழுந்த மீன்செதில்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். படத்தை மேசைமேல் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாரு இந்தத் தடியன்?"

"நைஜல். உன்ன மாதிரி நடிக்கிறாரு."

"நானா? வாளியை இடுப்புல வெச்சிருக்கான் பாரு, பாப்பாவைத் தூக்கின மாதிரி. அடியில ஒரு கை, விளிம்புல ஒரு கை. அப்பத்தான் வீச முடியும்." பிறகு படத்தைக் கிட்டே கொண்டுபோனாள். "பச்சை. பாவிங்களா, பச்சையா வெச்சிருக்கீங்க?"

நீ எழுதியதைச் சொன்னேன். ஒரு கிழங்கை முழுசாக உரித்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "சூனியக்காரின்னும் நானே சொன்னேன். ஸ்டாதர்ஸ் என்னை மாடியிலருந்து அப்படித்தான் கூப்பிடுவான். அவன் வார்த்தையையே போட்டா நம்புவான்ல?"

"பிளீச் நாத்தம்?"

"அது அந்தப் பையன் சேர்த்தது. ஆனா நாத்தம் அடிச்சது நெசம்தான."

எனக்குக் கோபம் வந்தது. உன்மீது அல்ல. யார்மீது என்று தெரியாத கோபம். "நான் டோனாவோட பேச மாட்டேன், குழுவை விட்டுப் போறேன்னு உன் முன்னாடிதானம்மா நின்னு சொன்னேன். என்ன காரணம்னும் சொன்னேன். அப்ப ஏன் சும்மா இருந்த?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ ரொம்ப நாளா போகணும்னு இருந்த. வெளிய சொல்லிக்க ஒரு காரணம் இல்லாம தவிச்ச. ஒண்ணு கெடச்சது. அதை எதுக்கு உன் கையிலருந்து பிடுங்கணும்?"

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"காரணம்தான் பொய். போகணும்னு இருந்தது பொய்யில்லையே."

கிழங்கை வேகவைத்தோம். தின்றோம். மறுநாள் காலை தேநீரோடு வந்து நின்றாள். "கையெழுத்துப் போட்டியா?" போடவில்லை என்றேன். "போடு. என் வாழ்க்கையில என் பேரைச் சொல்லி நாப்பது பேர் ஒரு இடத்துல நிக்கிறாங்கன்னா இதுக்கு மட்டும்தான். நீ யாரு அதை எடுக்க? நானும் வரேன்னு எழுது. தனியா வருவேன். கப்பல்ல படுத்துத் தூங்கினா விடிஞ்சா அபர்டீன், அங்கருந்து ரயிலு."

உன் கதையை நம்பவில்லை என்று எழுதியதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் உன்மீது கோபமாக இருப்பது எனக்கு ஒரு வேலைபோல இருந்தது. ஒழுங்காகச் செய்தேன். இப்போது அது இல்லை, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கையெழுத்துத் தாள் உள்ளே. நான் வரவில்லை. அவளுக்கு ஜன்னல் ஓர இருக்கை பிடிக்கும்.

ஹேசல்


ஹல்
மே 16

ஹேசல்,

உங்கம்மா என் சோபாவில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே, "எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கு" என்கிறார். இன்னும் இரண்டு வாரம் இருப்பாராம். கேட்கவில்லை, அறிவித்தார்.

விழா நடந்தது. மழை, ஆனால் கூட்டம் குறையவில்லை. திட்டத்தில் இல்லாத வேலை முதலில் நடந்தது. மோ ஆன்ட்டி நேராகக் கடை வாசலுக்குப் போய், பச்சை வாளிகளைக் கைத்தடியால் ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். நாய்க்கடைப் பெண் ஓடிவந்து, "அம்மா, அதெல்லாம் ரசிகர்கள் வெச்சது" என்றாள். "ரசிகர்கள்னா எல்லாம் வெச்சுடலாமா? எங்கப்பா மூணு தடவை கப்பல் கவுந்து பொழச்சவரு. வீட்டுல பச்சை இல்ல, அதனால." அந்தப் பெண் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப்போனாள்.

நைஜல் இவர் யாரென்று தெரிந்ததும் வெலவெலத்துப்போனார். இரண்டு வருடமாக இவராக நடித்தவர் அல்லவா. "மேடம், நான் பண்றது சரியான்னு..." என்று இழுத்தார். "சரியே இல்ல" என்றார் உங்கம்மா. வாளியைப் பிடிக்க முறை சொல்லிக்கொடுத்தார். நகராட்சித் தலைவர் 'ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்பட்ட இடம்' என்ற தகட்டைத் திறந்துவைத்துப் பேச ஆரம்பித்தார். கலாசாரம், எதிர்ப்புக் குரல், அது இது. பேச்சு நீண்டது. ஒரு கட்டத்தில் உங்கம்மா நைஜலைப் பார்த்து, "ஊத்து" என்றார். ஹேசல், அவர் ஊற்றினார். முழு வாளி. தலைவர் கழுத்தில் போட்டிருந்த பதவிச் சங்கிலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தத் தெருவே அதிர்ந்தது. நம் எந்தக் கச்சேரிக்கும் அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை.

அதன் பிறகு உங்கம்மா எல்லோரிடமும் உண்மையைச் சொன்னார். ஊற்றவே இல்லை என்றார், கம்பளி, ஸ்டாதர்ஸ், இரண்டு தட்டு, எல்லாம். யாரும் நம்பவில்லை. அன்பாகச் சிரித்தார்கள். "பாட்டியம்மா தன்னடக்கமா பேசுறாங்க" என்றான் ஒருவன். அன்றுதான் அவர் உண்மையில் ஊற்ற வைத்தார், ஆகவே எப்போதும் ஊற்றினார் என்று ஆகிவிட்டது. தகட்டில் இருப்பது பொய் என்று தெரிந்தவர்கள் இனி உலகத்தில் நாம் மூவரும் உங்கம்மாவும், நாலு பேர்தான். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. அந்தப் புதுச் சுவரைப் போலத்தான் இதுவும், சாய்ந்து நிற்க முடிகிறது.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் நான் விடவில்லை. நீ ரொம்ப நாளாகப் போக வேண்டும் என்று இருந்தாய் என்று உங்கம்மா சொன்னது. நான் கவனிக்கவே இல்லை. தினமும் உன் முன்னால் நின்று பாடியவள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஏன் போகவேண்டும் என்று இருந்தது? கோபப்பட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார் போலிருக்கிறது. ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டோனா


ஸ்காலோவே
மே 23

அன்புள்ள டோனா,

அடிக்காமல் எழுதினேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. உன் கேள்வியை வைத்துக்கொண்டு துறைமுகம்வரை நடந்துவிட்டு வந்தேன். ஏதோ பெரிய பதில் இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். இருப்பது சின்னது.

இசைத்தட்டு வெளியானதும் அந்த நிறுவனம் நமக்குத் துறைமுகப் பக்கம் சொந்த அறை கொடுத்தது, நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் பஞ்சு, சத்தம் வெளியே போகாது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வாசிக்கலாம். நீயும் பெத்தும் குதித்தீர்கள். நானும் குதித்தேன். முதல் வாரமே எனக்கு மூச்சு முட்டியது.

கடையில் இயந்திரம் பிழிவது கொஞ்ச நேரம், துவைப்பது ரொம்ப நேரம். அந்த ரொம்ப நேரத்தில் நாம் சத்தம் போட முடியாது. அழுக்கு மூட்டைகள்மேல் சாய்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்போம். உன் அண்ணனைப் பற்றி நீ சொன்னது அங்கேதான். எனக்குப் பாட்டுகள் பெரிதாகப் பிடித்ததில்லை, டோனா. சொன்னால் நீ கொன்றிருப்பாய். நான் வந்தது அந்தக் குசுகுசுப்புக்கு. புது அறையில் வாசித்தோம், வாசித்தோம், காது அடைத்துப்போய் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போனோம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அங்கே நான் வெறும் டிரம்காரி.

உங்களுக்கு வாய்த்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இருபத்தொரு வயதில் எனக்குத் தெரியவில்லை. அப்போது அந்தப் பத்திரிகை வந்தது. பிடித்துக்கொண்டேன். பழியை உன்மீது போட்டுவிட்டு நடந்தேன். அம்மா சொன்னது சரி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சரி.

கோபப்பட்டால் படு. இந்த முறை உண்மைக் காரணம் தெரிந்தே படுவாய்.

அடுத்த வியாழன் காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள். கப்பல் கிளம்பாவிட்டால் அம்மாவை உன்னிடமே வைத்துக்கொள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. சாப்பிடும் முன்னாலேயே போட்டுக்கொண்டு, பிறகுதான் போட்டேன் என்பாள்.

என்னைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே. என்னிடம் கேள். எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், கீத்திடம் சொல்ல வேண்டாம்.

ஹேசல்